பயான்க்யூவின் வால்

விழுந்தால்தான் என்ன? கடலில் விழுந்தவளை யாரும் சிரி என்று சொல்லமாட்டார்கள்.

தெய்வானை படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். தைப்பூசக் காவடித் திருநாளுக்கு விரதம் தொடங்கியிருந்தது. மாலையில்தான் ஒருவேளைச் சோறு. வயிற்றில் தங்காமல் போன பிள்ளைகளுக்குப் பிறகு, இனி வருவதாவது தங்கட்டும் என்று நேர்ந்துகொண்ட பால்குடம். விரதம் முடியும்வரை ஓர் உயிரையும் நோகச் செய்யக்கூடாது.

கோவிலில் மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் காப்பு தெரியாமலிருக்க, இந்த வெயிலில் அவளை நீளக்கை ரவிக்கை போட வைத்திருந்தான் கணவன் திருவேங்கடம். மேலதிகாரி அலான் படகுப் பயணத்துக்குக் கூப்பிட்டதும் விரதத்தை மறந்து தலையாட்டிவிட்டான். 'நாங்கள் பழைய காலத்து ஆட்கள் இல்லை' என்று ஆபீசில் சொல்லிவைத்திருந்தவன், அதன்பின் விரதம் என்று எப்படிச் சொல்வான்? ஆகவே இன்று அவளுக்கு வயிற்றுவலி. யுத்தத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு தமிழனுக்குத் தலைமைக் குமாஸ்தா வேலை கிடைக்கலாம் என்ற பேச்சு. அலான் கையெழுத்துப் போட்டால் போதும்.

காலையில் ஈல் பிளாத் தீவில் கருங்கற்கள்மேல் வெயில் காய்ந்த பல்லிகளைப் பார்த்தார்கள். அலானின் மனைவி ஜெனெவியேவ் வறுத்த மீனை நீட்டும்போதெல்லாம், "பாவம் மதாம், வயிறு சரியில்ல," என்று திருவேங்கடம் முந்திக்கொண்டான். தெய்வானை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பசித்த வயிற்றைப் பிடிக்க நடிப்பு தேவைப்படவில்லை.

பிற்பகலில் குவான் தெ மீர் தீவு வந்தது. எப்போதோ எரிமலை கக்கிய சாம்பல் அடுக்கடுக்காய் இறுகி, கடலில் ஒருக்களித்து நின்றது. மேலே வெள்ளைப் பறவைகள் பறந்தன. வாலில் வைக்கோல் துரும்பாய் நீண்ட இறகு.

"பயான்க்யூ," என்று பறவைகளைக் காட்டினான் படகோட்டி ஜான்-போல். "குஞ்சு இருந்தா அசையாது. என் மாமியார் மாதிரி. வீடு பத்திக்கிட்டாலும் நாற்காலிய விடமாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். தெய்வானையும் சிரித்தாள். காய்ந்த உதடு வலித்தது.

அலான் படகிலேயே தூண்டில் போட்டுக்கொண்டிருக்க, மற்றவர்கள் பாறையில் ஏறினார்கள். ஓர் இடுக்கில் பறவை உட்கார்ந்திருந்தது. சிறகுக்கடியில் சாம்பல்நிறப் பஞ்சாய்க் குஞ்சு.

"ஐயோ, அந்த இறகு என் தொப்பிக்கு!" என்றாள் ஜெனெவியேவ். "என் கை நுழையாது. உங்க கை சின்னது, தெய்வானை. ஒரே இழுப்பு."

ஜெனெவியேவின் மேசைவிரிப்புக்கு இரவெல்லாம் பூப்போட்ட கை அது. இல்லை என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் களைப்பு தூங்கித் தீர்வதாயில்லை.

"இழுத்துடு, தெய்வா," என்று காதருகே கெஞ்சினான் திருவேங்கடம். "திரும்ப முளைச்சிடும்."

அவள் மண்டியிட்டாள். ரவிக்கைக் கை கல்லில் மாட்டிக்கொண்டது. சுருட்டிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். பறவை கத்திக்கொண்டு காப்பின் ஓரத்தில் கொத்தியது. இடத்தைவிட்டு நகரவில்லை. இறகு விரல்களுக்குள் வந்தபோது அதன் வழியே பறவையின் உடம்பு நடுங்குவது தெரிந்தது. அவள் விரல்களை விரித்தாள்.

வெறுங்கை வெளியே வந்தது.

"அது என்ன கயிறு?" என்றாள் ஜெனெவியேவ்.

"வயித்துவலிக்கு மந்திரிச்சது, மதாம்," என்றான் திருவேங்கடம்.

"இல்ல மதாம், விரதம்," என்றாள் தெய்வானை. "முருகனுக்கு."

ஜெனெவியேவ் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சரி, விரதம். அதுக்கென்ன? இறகைத் திங்கவா சொல்றேன்? இன்னொரு தடவை கைய விடுங்க."

திருவேங்கடம் ரவிக்கைக் கையை இறக்கிவிடும்படி ஜாடை காட்டினான். மணிக்கட்டில் இரத்தம் மஞ்சள் நூலை நனைத்துக்கொண்டிருந்தது. தெய்வானை கையை மடியில் வைத்துக்கொண்டு, பறவைக்கு முன்னாலேயே உட்கார்ந்தாள்.

"மாட்டேன், மதாம்," என்றாள்.