சார்ஜர் அக்காவின் சுவர்

செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்ததால் மார்க்கெட்டில் அவளுக்குச் சார்ஜர் அக்கா என்று பெயர். அவளைவிட மூத்த தையல்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். வேண்டாமென்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கார்டு கம்பெனிகளின் கமிஷன் கையைக் கடிக்கிறது என்று மார்க்கெட்டுக்காரர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கிரிப்டோ காசைத் தொடங்கியிருந்தார்கள். துணி வாங்கினாலும் ரொட்டி வாங்கினாலும் அதில்தான் கொடுக்கல் வாங்கல். அதைக் காவல் காக்கப் பெரிய கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கடைக்கு ஒன்றாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு மலிவான பெட்டி, அவ்வளவுதான். எல்லாப் பெட்டியிலும் ஒரே கணக்கு ஓடும். பாதிக்கு மேற்பட்ட பெட்டிகள் ஒத்துக்கொண்டால்தான் எந்தக் கணக்கும் நிற்கும். திருடன் கைவைக்க நினைத்தால் பாதி மார்க்கெட்டின் பூட்டையாவது உடைத்தாக வேண்டும்.

ஏற்பாடு என்னவோ அருமைதான். ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்றுதான் யாரும் யோசிக்கவில்லை. பேக்கரிக்காரர் பெட்டிக்குள் மாவு புகுந்தது. முடிதிருத்துபவர் டிரிம்மருக்குப் பிளக் வேண்டுமென்று பெட்டியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். தையல்காரர் அதன்மேல் துணியைக் குவித்து அதை வேகவைத்தே விட்டார். கடைசியில் ஒவ்வொருவராக, “அக்கா, உங்க கடையில இன்வெர்ட்டர் இருக்கு, ஃபேன் இருக்கு. இது உங்ககிட்டயே இருக்கட்டுமே” என்று அவள் தலையில் கட்டினார்கள். அவளும் சுவரில் பலகை அடித்து வரிசையாக மாட்டிவைத்தாள். மார்க்கெட்டே தன்னை நம்புகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அவள் அண்ணன் அதே வரிசையில் திரைச்சீலைக் கடை வைத்திருந்தான். இந்தக் கடைக்கு முன்பணம் கட்டி அவளை உட்காரவைத்தவனே அவன்தான். ஒருநாள் மத்தியானம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

“நம்ம மார்க்கெட் மொத்த வியாபாரிகிட்ட துணி ரோல் எடுத்தேன். மேலாக்க நல்லா இருந்துச்சு. பிரிச்சா உள்ள பூரா பூஞ்சை. பிரிச்சதைத் திருப்பி எடுக்க மாட்டானாம்.”

“மார்க்கெட் சங்கத்துல சொல்லுண்ணே.”

“நீங்களே பேசித் தீத்துக்கங்கன்னு கை கழுவிட்டாங்க.” அண்ணன் குரலைத் தாழ்த்தினான். “இன்னிக்குக் காலைலதான் அவனுக்குக் காசு போட்டேன். போடவே இல்லைன்னு கணக்கை மாத்திடு.”

“அதெல்லாம் நடக்காது. பாதிப் பெட்டிக்கு மேல ஒத்துக்கணும்.”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். “பாதிக்கு மேல உன் சுவத்துலதானே தொங்குது?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் அந்தச் சுவருக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறாள். இது தோன்றவே இல்லை. செய்யலாம். கொஞ்ச நேர வேலைதான். அண்ணன் ஏமாந்ததும் பொய்யில்லை. அவன் பக்கம் நியாயம் இருந்ததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. நாளைக்கு வருகிறவனும் ஒரு நியாயத்தோடுதான் வருவான்.

“மாட்டேண்ணே.”

“முடியாதா, மாட்டியா?”

“முடியும். மாட்டேன்.”

அவன் எழுந்து போனான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

முதலில் தையல்காரர் பெட்டியைக் கழற்றி அவரிடம் கொண்டுபோனாள். ஏன் என்று கேட்டார். அவளுக்குப் பூசி மெழுகத் தெரியாது.

“எல்லாம் ஒரே இடத்துல இருந்தா, நான் நினைச்சா யார் கணக்கையும் மாத்திடலாம். அது நல்லதில்ல.”

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “மாத்தலாமா? அப்போ இத்தனை நாளா எவ்வளவு மாத்தினே?”

“அக்கா”, “நீங்க” என்ற மரியாதையெல்லாம் ஒரே நொடியில் போயே போய்விட்டது. பேக்கரிக்காரர் வந்தார், முடிதிருத்துபவர் வந்தார், மொத்த வியாபாரியும் வேடிக்கை பார்க்க வந்து நின்றான். நேற்றுவரை கேள்வி கேட்காமல் நம்பியவர்கள் இப்போது ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். இல்லை, இல்லை என்று சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. ஆதாரம் காட்ட வேண்டிய பெட்டிகளெல்லாம் அவள் சுவரில்தானே இருந்தன!

“நான் கேட்டேன்.”

எல்லாரும் திரும்பினார்கள். அண்ணன் தன் கடை வாசலில் நின்றிருந்தான். காது சிவந்திருந்தது.

“காலைல இந்த ஆளுக்குக் குடுத்த காசை இல்லைன்னு ஆக்கித் தரச் சொல்லி நான்தான் கேட்டேன். கூடப் பிறந்தவன் எனக்கே மாட்டேன்னுட்டா. உங்களுக்கு எதுக்குய்யா மாத்தப்போறா?”

பேக்கரிக்காரரும் முடிதிருத்துபவரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். மொத்த வியாபாரி மட்டும் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். இனி இந்த மார்க்கெட்டில் அண்ணனை நம்பிச் சரக்கு கொடுக்க யோசிப்பார்கள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தையல்காரர் தலை குனிந்தபடி பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“என்னோடதையும் கழட்டிட்டு வா,” என்றான் அண்ணன். “எங்க சொருகணும்னு எனக்குத் தெரியாது.”

அவள் எடுத்துக்கொண்டு போனாள். மேஜைக்கடியில் பிளக்கை மறைத்துக்கொண்டிருந்த சாமான்களை அவன் ஒதுக்கிக் கொடுத்தான்.

“கோவம் இன்னும் போகல,” என்றான்.

“தெரியும்ணே,” என்றபடி குனிந்து பிளக்கைச் சொருகினாள்.