ஒரு விரல் தயிர்

பாலச்சந்திரனுக்குப் பூனை என்றால் ஆகாது. இதைப் புனேயில், நிக்டியில் அவர் குடியிருந்த காலனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்; கேட்காதவர்களுக்கும் சொல்லியிருந்தார். வேலூர்ப் பக்கத்து மனிதர். சின்ன வயதிலேயே புனேக்கு வந்து, பிம்ப்ரியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். இனியாவது நிம்மதியாகக் காலை நீட்டலாம் என்று பார்த்தால், மகள் ரோஹிணி ஒரு நாள் சாயங்காலம் ஹிஞ்சேவாடியிலிருந்து வரும் கம்பெனி வண்டியை விட்டு இறங்கும்போது துப்பட்டாவில் எதையோ சுருட்டிக்கொண்டு வந்தாள். பிரித்துப் பார்த்தால் பூனைக்குட்டி.

"எங்கேருந்து எடுத்தாந்தியோ அங்கயே வுட்டுட்டு வா" என்றார்.

"கேப் அடியில இருந்துச்சுப்பா. சக்கரம் ஏறியிருக்கும்."

"நீ ஆபீசுக்குப் போயிடுவ. உங்கம்மா ஸ்கூலுக்குப் போயிடுவா. அப்புறம் இத யாரு பாத்துக்கறது?"

தாயும் மகளும் அவரையே பார்த்தார்கள்.

பட்டாணி என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான் இருந்தது என்பதால். பால் குடிக்கும். ஆனால் கொஞ்சம் கெட்டியாக எது கொடுத்தாலும் தின்றதும் அப்படியே வெளியே வந்துவிடும். ஆசை ஆசையாக ஓடிவந்து தின்னும், கக்கும், கக்கியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மற்றக் குட்டிகள் வளர்கிற வயதில் இதற்கு முதுகெலும்புதான் எண்ணும்படி தெரிந்தது. ஔந்த் பக்கம் பிராணிகள் ஆஸ்பத்திரி ஒன்றில் சோனியா என்ற டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே இடம் மாறி இருக்கிறது. அதுவும் கூடவே ஒரு நாரும் சேர்ந்து உணவுக்குழாயை வளையம் போட்டு நெரிக்கின்றன. நெரிக்கும் இடத்துக்கு மேலே குழாய் பை மாதிரி உப்பி, தின்றதெல்லாம் அதில் தங்கிவிடுகிறது. விலா எலும்புக்கு நடுவே நெஞ்சைத் திறந்து அந்த நாரை வெட்டிவிட வேண்டும். அதைச் செய்கிற டாக்டர் இர்பான் மும்பையிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருவார். வெட்டாமல் விட்டால் குட்டி பட்டினியிலேயே போய்விடும்.

அறுவையைத் தாங்கும் அளவு உடம்பு தேறும்வரை கஞ்சியாகக் கரைத்து, நின்ற வாக்கில்தான் ஊட்ட வேண்டும். ஊட்டிய பிறகும் நிமிர்த்தியே பிடித்திருக்க வேண்டும், அப்போதுதான் கொஞ்சமாவது கீழே இறங்கும். ரோஹிணி காலையிலும் இரவிலும் செய்தாள். பகல் முழுக்க யார் செய்வது? பாலச்சந்திரன் முணுமுணுத்துக்கொண்டே கம்பெனி கொடுத்த பழைய நீல ஸ்வெட்டரை மாட்டி, அதற்குள் குட்டியை நிறுத்தி, தலை மட்டும் வெளியே தெரியும்படி பொத்தான் போட்டுக்கொண்டார். அப்படியே காலனிப் பூங்காவைச் சுற்றி நடந்தார். பூனை ஆகாது என்றீரே ஐயா என்று யாராவது கேட்டால், "எனக்கு ஆகாதுதான். இதுக்கு நான்னா ஆவுது, இன்னா பண்றது" என்பார். வீட்டுக்குள் அதனோடு என்னென்ன பேசுவார் என்று மனைவி சந்திரிகாவுக்கு மட்டும் தெரியும். அவள் வெளியே சொல்லவில்லை.

இங்கே ஒரு தயிர் சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும். மராட்டியர் வீடுகளில் யாராவது பரீட்சைக்கோ பெரிய காரியத்துக்கோ கிளம்பினால், உள்ளங்கையில் ஒரு கரண்டி தயிரும் சர்க்கரையும் வைத்துச் சாப்பிட வைத்து அனுப்புவார்கள். ரோஹிணி முதல் வகுப்புப் பரீட்சைக்குப் போன அன்று எதிர்வீட்டு வைஷாலி அப்படிக் கொடுத்தாள். பிள்ளை நல்ல மார்க் வாங்கியது. அன்று பிடித்துக்கொண்டவர்தான் பாலச்சந்திரன். கோயிலுக்கு இழுத்தால்கூட வர மாட்டார், தயிர் சர்க்கரையை மட்டும் விட மாட்டார். ஒரே ஒரு முறை, பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று, முதல் ஷிஃப்டுக்குப் போய்விட்டதால் கொடுக்க முடியாமல் போனது. அந்தப் பரீட்சையில்தான் அவள் கோட்டை விட்டாள். பிள்ளை படிக்கவில்லை என்றாள் சந்திரிகா. அவர் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை.

அறுவை நாள் வந்தது. முதல் நாள் ராத்திரியிலிருந்து குட்டி வாயில் ஒன்றும் படக்கூடாது என்று டாக்டர் சோனியா சொல்லியிருந்தார். ரோஹிணி வீட்டில் எல்லோரிடமும் இரண்டு தடவை சொன்னாள். காலையில் அவள் குளிக்கப் போனாள், சந்திரிகா கூடையில் துணி விரித்துக்கொண்டிருந்தாள், பட்டாணி ஸ்வெட்டருக்குள் பசியில் கத்திக்கொண்டிருந்தது. மேஜை மேல், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் ரோஹிணிக்காகச் சர்க்கரை போட்டு எடுத்து வைத்த தயிர்க் கிண்ணம் இருந்தது. பாலச்சந்திரன் கிண்ணத்தைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார்.

"இம்மாம் பெரிய பரீட்சைக்குப் போற. வெறும் வாயோடயா போவ" என்று அதன் காதில் சொல்லி, விரலில் தயிர் சர்க்கரையைத் தொட்டு நீட்டினார். நக்கியது. நக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்து இன்னும் கேட்டது. அந்தக் குட்டி எதையும் இரண்டாவது முறை கேட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அவருக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. இரண்டாவது விரல் கொடுத்தார். மூன்றாவதும் கொடுத்தார். பிறகு துண்டால் அதன் வாயைத் துடைத்துவிட்டார். தப்பு செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சாப்பாடு என்றால் சோறு, கறி, கஞ்சி. தயிர் சர்க்கரையை அவர் வாழ்நாளில் சாப்பாட்டில் சேர்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இர்பான் குட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு ஹிந்தியில் கேட்டார்: "நேத்து ராத்திரிக்கு அப்புறம் வாயில எதுவும் படலயே?"

"எதுவும் இல்ல டாக்டர்" என்றாள் ரோஹிணி.

"நல்லது. இதுக்கு வயித்துல இல்ல, மேல இருக்கற பையில துளி தங்கினாலும் ஆபத்து. மயக்கத்துல அது திரும்பி வந்து மூச்சுக்குழாயில போயிடும். அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

பாலச்சந்திரன், சொன்னால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு நிமிஷம் நின்றார். மூன்று விரல் தயிர் இந்நேரம் இறங்கியிருக்காதா என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். டாக்டர் உள்கதவைத் தள்ளிவிட்டார். கதவிடுக்கில் பட்டாணியின் காது மட்டும் தெரிந்தது.

"டாக்டர் சாப்" என்று கூப்பிட்டார். "நான் குடுத்தேன். காலையில. தயிரு. ஒரு விரல்தான்."

டாக்டர் திரும்பினார். ரோஹிணியும் திரும்பினாள்.

"ஒரு விரல்தானா?"

பாலச்சந்திரன் தரையைப் பார்த்தார். "இல்ல. மூணு. சர்க்கரை போட்டு. இன்னும் இன்னும்னு கேட்டுச்சு" என்றார்.

வேறு பூனையாக இருந்தால் சில மணி நேரம் பொறுத்துச் செய்துவிடலாம் என்றார் டாக்டர் இர்பான். இதற்கு அந்தப் பை எப்போது காலியாகும் என்று சொல்ல முடியாது. மதியம் அவர் மும்பைக்குக் கிளம்ப வேண்டும். இனி அடுத்த சனிக்கிழமைதான். அதுவரை தாங்குமா என்று ரோஹிணி கேட்டாள். டாக்டர் குட்டியின் விலாவை விரலால் தடவிப் பார்த்தார்.

"சொன்னீங்களே, அதுவரைக்கும் நல்லது" என்று பாலச்சந்திரனிடம் சொல்லிவிட்டுக் குட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

காரில் ரோஹிணி வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை. அவரைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அம்மா, கஞ்சி கரைச்சாச்சான்னு அப்பாகிட்ட கேளு" என்பாள், அவர் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. சந்திரிகா அந்த வாரம் பாலுக்கு உறை ஊற்றவே இல்லை. பாலச்சந்திரன் ரசம் சோற்றோடு எழுந்துவிடுவார். தயிர் எங்கே என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

குட்டி நாளுக்கு நாள் இளைத்தது. வார நடுவில் இருமல் வேறு வந்தது. இருமும்போது அந்தச் சின்ன உடம்பு முழுக்க ஸ்வெட்டருக்குள் அதிர்வதை அவர் நெஞ்சில் உணர்ந்தார். அதன்பின் அவர் படுக்கவே இல்லை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே அதை வைத்திருந்தார். துளித்துளியாக ஊட்டினார். ஒவ்வொரு துளிக்கும் முன்னால் கை கழுவினார். என்னால்தான், என்னால்தான் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் கேட்டுத் தயிரை நக்கிய அந்த நாக்கு இப்போது துளியை உள்ளே இழுக்கவே சோம்பியது.

அடுத்த சனிக்கிழமை அறுவை நடந்தது. மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சந்திரிகா நடுவில் இருந்தாள். நெடுநேரம் கழித்து டாக்டர் இர்பான் வந்து, நாரை வெட்டியாயிற்று, உயிர் இருக்கிறது, மற்றது அது சாப்பிடுவதைப் பொறுத்தது என்றார். ரோஹிணி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். பாலச்சந்திரன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

நெஞ்சில் கட்டோடு பட்டாணி வீட்டுக்கு வந்தது. வந்ததே தவிர, எதையும் தொடவில்லை. கோழிச் சாறு காட்டினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடையில் விற்கும் டப்பா உணவைக் குழைத்துக் காட்டினார்கள், கண்ணை மூடிக்கொண்டது. வாயைத் திறந்து ஊற்றினால் ஓரமாக வழியவிட்டது. தின்றால் கக்க வேண்டும் என்று அதற்கு மனசில் பதிந்துபோயிருந்தது போலும். ஆஸ்பத்திரியில் ஏற்றிய திரவத்தில் எத்தனை நாள் ஓடும்? டாக்டர் சோனியா போனில் சொல்லிவிட்டார்: நாளைக்குள் தானாகச் சாப்பிடாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும். அதற்கு இன்னொரு தடவை மயக்கம் கொடுக்க வேண்டும். இந்த உடம்பு அதைத் தாங்கும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை.

"இதுவரைக்கும் எதையாவது அதுவா ஆசைப்பட்டு, இன்னும் வேணும்னு கேட்டிருக்கா?" என்று கேட்டார் டாக்டர். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அறையில் மூவரும் இருந்தார்கள். பாலச்சந்திரன் குட்டியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோஹிணிதான் பேசினாள். "தயிர்" என்றாள். "மூணு தடவை கேட்டுச்சாம்."

சர்க்கரை கூடாது, தண்ணீர் விட்டுக் கரைத்து, ஒரே ஒரு விரல் என்றார் டாக்டர். நிமிர்த்திப் பிடித்து அரை மணி பார்க்க வேண்டும். தங்கினால் தனக்குப் போன் செய்ய வேண்டும், அதுவரைக்கும் அடுத்த விரல் கிடையாது.

ரோஹிணி போனை வைத்தாள். அப்பாவின் பக்கம் திரும்பினாள். அத்தனை நாள் கழித்து அவரிடம் முதன்முதலாகப் பேசினாள்.

"அப்பா, தயிர் எங்க?"

வீட்டில் தயிர் ஏது? பாலச்சந்திரன் குட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்குப் போனார். வைஷாலி கிண்ணத்தில் தயிரை எடுத்தாள், கை வழக்கப்படி சர்க்கரை டப்பாவுக்குப் போனது. அவர் டப்பாவின் மேல் தன் கையை வைத்து மறைத்து, வேண்டாம் என்று தலையாட்டினார்.

கரைத்தாயிற்று. பட்டாணி ஸ்வெட்டருக்குள் நிமிர்ந்து நின்றது. ஆனால் அவர் கிண்ணத்தை மகள் பக்கம் தள்ளினார்.

"நீயே குடும்மா. என் கையி வேணாம்."

"உங்ககிட்டதான கேட்டுச்சு" என்று ரோஹிணி அவர் மணிக்கட்டைப் பிடித்து விரலைக் கிண்ணத்தில் தோய்த்தாள். "என்கிட்ட கேக்கலயே. பத்தாங்கிளாஸ்ல எனக்குக் குடுக்காம போனதுக்கு இன்னும் அழுவுறீங்க, இத மட்டும் குடுக்காம அனுப்பியிருப்பீங்களா நீங்க? எனக்குத் தெரியாதாப்பா."

பட்டாணி முகர்ந்து பார்த்தது. பிறகு நாக்கு வெளியே வந்து விரலைத் தொட்டது. ஒரு தடவை, இன்னொரு தடவை. விரல் சுத்தமாகும்வரை நக்கியது.

மூவரும் அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெளியே காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். குட்டி ஒரு முறை விழுங்கியது. சந்திரிகா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றும் திரும்பி வரவில்லை. அரை மணி ஆயிற்று. தயிர் இறங்கிவிட்டது.

ரோஹிணி டாக்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அதற்குள் பட்டாணி நிமிர்ந்து பார்த்துக் கத்தியது. தன் பசியைக் கண்டுபிடித்துவிட்டது. முன்னங்காலை ஸ்வெட்டருக்கு வெளியே எடுத்து அவர் கையைப் பிடித்து இழுத்தது, மறுபடி கத்தியது.

"பாவம், கேக்குதே. இன்னொரு விரல் குடுங்களேன்" என்றாள் சந்திரிகா.

"டாக்டரு போன் எடுக்கட்டும்" என்றார் பாலச்சந்திரன். விரல்களை மடக்கிக் கையை இறுக மூடிக்கொண்டார். ரோஹிணி மறுபடி போன் போட்டுக்கொண்டே வந்து அவர் தோளில் சாய்ந்தாள். அவர் கண்ணிலிருந்து நீர் ஸ்வெட்டர்மேல் விழுந்துகொண்டிருந்தது. பட்டாணி மூடிய கையைச் சுற்றிச் சுற்றி நக்கியது. அவர் திறக்கவில்லை.