பெரட்டில் கூப்பிட்ட பேர்

கம்பெனி கைமாறப்போகிறது, ஊழியர் பட்டியலும் பொருள் பட்டியலும் அனுப்புங்கள் என்று கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்த காலையில், கூட வேலை செய்யும் கஜேந்திரன் பாலில்லாத பிளேன்டிக் கோப்பையோடு உட்கார்ந்து எங்கள் கம்பெனியை வாயாலேயே மூன்றாவது தடவையாக விற்றுக்கொண்டிருந்தான். ரவுட்டர், சுவிட்ச், அன்டெனாவெல்லாம் விற்றும், பள்ளிக்கூடங்களிலும் தோட்டத்து ஆபீஸ்களிலும் வாடகைக்குப் பொருத்தியும் கொடுக்கும் கம்பெனி. ஹட்டன் கிளையில் நான் கிளார்க். திங்கட்கிழமை சிங்கப்பூர்க்காரன் வாங்கினான். செவ்வாய்க்கிழமை சென்னைக்காரன். இன்றைக்கு, அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தை வைத்திருக்கிற அதே கம்பெனிதான் வாங்குகிறது என்று அவன் அடித்துச் சொன்னான்.

"நல்லதாப் போச்சு," என்றார் செல்லசாமி அண்ணன். "வீட்டுக்காரி கொழுந்துக்கு, நான் ஏணிக்கு. குடும்பமே ஒரே தொரைக்கு."

எல்லாரும் சிரித்தோம். பத்தொன்பது வருடமாகக் கூரைகளிலும் கம்பங்களிலும் ஏறி அன்டெனா கட்டுபவர் அவர். தினமும் காலையில் பேக்கரியில் சூடாக வாங்கிய பனிஸ் ஒன்றை ஜாக்கெட்டுக்குள் வைத்து எனக்குக் கொண்டுவருவார். சிரிப்பு அடங்கியதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "யாரு வாங்குனாலும் நமக்குப் பயமில்ல தங்கச்சி. தெனம் பெரட்டுல பேரு கூப்புடுறீங்கதானே."

தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது பெரட்டு. அங்கே பேர் பதிந்தவர்களைத் தோட்டம் கைமாறினாலும் புதிய கம்பெனி ஏற்றுக்கொள்ளும். எங்கள் முதல் மேனேஜர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பழக்கத்தில் கிளையிலும் காலையில் பேர் கூப்பிட்டார். பிறகு நான் கூப்பிட்டேன். பதினொரு வருடமாக "செல்லசாமி" என்பேன், "இருக்கேங்க" என்பார். ஆனால் ஊழியர் பதிவேட்டில் அவர் பேர் இல்லை. அவர் நாட்கூலி. தோட்டத்துப் பேச்சில் கைக்காசு ஆள். அது அவருக்குத் தெரியாதென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருநாள் கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

தலைமை அலுவலகத்துக்கு போன் எடுத்து, ஊழியர் பட்டியலில் அவரைச் சேர்க்கலாமா என்று அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டேன்.

"அவர் நாட்கூலிதானே மிஸ். வாங்குறவங்களுக்கு அதெல்லாம் தேவையில்ல. பொருள் பட்டியல்ல ஏணி ரெண்டையும் மறக்காம போடுங்க."

போனை வைத்தேன். கோபம் வரும்போதெல்லாம் அதை எடுத்துவிடச் சொல்லி ஜெபிப்பது என் வழக்கம். அன்று, ஆண்டவரே, இதை இப்போதைக்கு எடுத்துவிடாதேயும் என்று கேட்டேன். அந்த அதிகாரிமீது மட்டுமல்ல, என்மீதும் சேர்த்துத்தான் அந்தக் கோபம்.

மத்தியானம் அவரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சோற்றுப் பெட்டியை மூடினார்.

"அப்ப இத்தன வருசமா நான் யாருகிட்ட இருக்கேன்னு சொன்னேன்?"

மேசைக்குப் போய்ப் பொருள் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு காலிக் கட்டம் இருந்தது. அதில் அடிக்கத் தொடங்கினேன். வட்டகொடைப் பள்ளிக்கூடத்து அன்டெனா: பொருத்தியவர் செல்லசாமி. இறம்பொடை ஹோட்டல் கூரை அன்டெனா: பொருத்தியவர் செல்லசாமி. காற்றில் சாய்ந்ததை மழையில் ஏறி நிமிர்த்தியதும் அவரே. இப்படி இருநூற்றுச் சொச்சம் வரி. ஏணி இரண்டுக்கும் நேரே, இதில் ஏறுபவர் செல்லசாமி. எந்த ஊர்க்காரன் வாங்கினாலும் அந்தப் பேரைப் படிக்காமல் ஒரு பொருளையும் எண்ண முடியாது. நாலு மணிக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவர் வந்தார். பனிஸை என் மேசையில் வைத்துவிட்டு, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அந்தப் பனிஸைத் தொட எனக்குக் கூசியது. பதிவேட்டைத் திறந்து, கடைசிப் பேருக்குக் கீழே மையால் அவர் பேரை எழுதினேன். உள்ளே போன் அடித்தது. கொழும்பு நம்பர் என்றான் கஜேந்திரன். நான் அனுப்பிய பட்டியலைப் பார்த்திருப்பார்கள்.

"செல்லசாமி," என்று கூப்பிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "இருக்கேங்க" வரவில்லை. பின்னால் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி இன்னொரு தடவை கூப்பிட்டேன்.