மாப்பிள்ளைக்கு மேல்

“ரெண்டுல எதை அமுக்கப் போறே?” என்று மாமா கேட்டார். மடிக்கணினி மேல் இருந்த அவள் கையை அப்பாவும் மாமாவும் வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சுவரோரம் நின்றிருந்தாள்.

விளம்பர நிறுவனம் ஒன்றில் எழுத்துகளுக்கும் படங்களுக்கும் அசைவு கொடுப்பது அவள் வேலை. ஓர் எழுத்து சும்மா வந்து நின்றால் அவளுக்குப் பிடிக்காது. தயங்கி, எட்டிப் பார்த்து, பிறகுதான் உட்கார வேண்டும். அந்த மோஷன் கிராபிக்ஸையே மேலே படிக்க இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. உள்ளூரில் ஓராண்டுச் சான்றிதழ். அங்கே கற்றுத்தரும் மென்பொருளை அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிறாள். வெளியூரில், விடுதியில் தங்கி, இரண்டாண்டு முதுகலை. கடைசியில் சொந்தமாக ஒரு படம் செய்து காட்டினால்தான் பட்டம். இன்று மாலைக்குள் எது என்று சொல்லியாக வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். யோசனை மாப்பிள்ளை வீட்டாருடையது. நிச்சயமான மாப்பிள்ளை வேலைக்காக இரண்டு வருடம் வேறு நாட்டுக்குப் போகிறார். அதுவரை பெண் படிக்கட்டுமே என்று அவர்கள் பெரிய மனசு பண்ணியிருந்தார்கள். ஆனால் மாப்பிள்ளை இளங்கலை. பெண் அதற்கு மேலே போய்விடக் கூடாது.

மாமா மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

“ரெண்டு வருஷப் படிப்புக்கே போம்மா. எல்லாத்தையும் கத்துக்கோ. கடைசிப் படத்தை மட்டும் பண்ணாம வந்துடு. பட்டம் வராது. அவங்களுக்கும் திருப்தி, உன் ஆசையும் தீர்ந்த மாதிரி.”

அப்பா கைதட்டாத குறை. வாசல்வரை போய்த் திரும்பி வா என்கிறார்கள். அதையும் சலுகை என்கிறார்கள். ஒருவராவது அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். இவர்களோ அன்பாகவே பேசிக் கட்டிப்போட்டார்கள். வேறு வழியில்லாமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பி.எஸ்சி. பெயில், படிப்புப் பேச்சு வந்தால் வாய் திறக்கவே மாட்டாள்.

இன்று திறந்தாள்.

“நான் பெயில் ஆகல. கடைசிப் பரீட்சைக்கே போகல. இவர் டிப்ளமா, நீ பாஸ் பண்ணிட்டா சரியா வராதுன்னு அன்னிக்கும் அண்ணன்தான் நிறுத்தினார். இதே யோசனைதான்.”

இத்தனை வருடமாக உறவினர் நடுவே மனைவியைப் பெயில் என்று கேலி செய்தவர் அப்பா. கூடவே சிரித்தவர் மாமா. இப்போது இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவள் இரண்டாண்டுப் படிப்பை அமுக்கினாள். யாரும் வாழ்த்தவில்லை.

அப்பா செருமினார். மனம் கனத்திருந்தாலும் கணக்கு மட்டும் மாறவில்லை.

“அப்ப, கடைசிப் படத்தைப் பண்ண மாட்டாள்னு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிடட்டுமா?”

“பண்ணுவாள்னு சொல்லுங்க,” என்றாள் அம்மா. “சொல்லக் கூச்சமா இருந்தா, போனை இங்க குடுங்க.”