ஐந்து கறுப்பு வட்டங்கள்

உரச்சாக்கை மடித்து முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி காலையிலிருந்து கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஜொகூர் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் கோட்டை இருந்ததாம். அதைத் தேடித்தான் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகத் தோண்டினார்கள். ஒரு வாரமாகக் கிடைத்ததெல்லாம் பானை ஓடு. இதற்கா பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்கூடாயிலிருந்து இத்தனை கார் வருகிறது என்று அவளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் மாசாய் தொழிற்சாலை மூடியபிறகு நாற்பத்தொன்பது வயதுக்காரியை வேறு யார் கூப்பிட்டார்கள்? மழைக்காலம் வரை வேலை உண்டு என்று கூலிக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் செல்வா சொன்னதே பெரிய விஷயம்.

குழிக்கு இரண்டு பேர். அவளுக்குக் கூட்டாளி மணியம் அண்ணன். அவள் சுரண்ட, அவர் மண்ணைத் தூக்குவார்.

பதினொரு மணி வாக்கில் மஞ்சள் மண்ணில் சோற்றுத்தட்டு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக ஐந்து. மக்கிப்போன மரக்கட்டை. இருபத்திரண்டு வருஷம் செம்பனைத் தோட்டத்தில் இருந்தவளுக்கு இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும்? மறுநடவின்போது மக்கிய கட்டை மிஞ்சினால் கொம்பன் வண்டு அதில் முட்டையிடும். புதுக் கன்றின் குருத்தைத் தின்றுவிடும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நடவுக் குழிக்குள் கையை விட்டுத் துழாவுவார். ஒரு பிடி கறுப்பு மண் அகப்பட்டால் தொலைந்தோம்.

எல்லாரும் சாப்பிடப் போனபோது அவள் போகவில்லை. மணியத்தின் மண்வெட்டியை எடுத்து ஐந்து வட்டத்தையும் அடிவரை தோண்டினாள். வாளி வாளியாக அள்ளி ஆற்றில் கொட்டினாள். கடைசியில் துடைப்பத்தால் கூட்டியும் விட்டாள். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று உள்ளுக்குள் ஆசை இருந்தது. மணியம் திரும்பி வந்து தன் மண்வெட்டியைக் கையில் எடுத்த நேரம், டாக்டர் கிருபானந்தனும் குழிக்கு வந்தார்.

ஆராய்ச்சிக்கு அவர்தான் தலைவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“யார் செய்தது இது?”

“கோட்டைச் சுவர் முழுக்க மரம். மரம் மக்கிப்போச்சு. சுவர் இங்கே நின்றதுக்கு அந்தக் கறுப்பு மண் மட்டும்தான் சாட்சி. அது தெரிந்தால் தொடக்கூடாது என்று காலையிலேயே சொன்னேனே.”

காலையில் அவர் கூடாரத்துக்குள் மாணவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கூலியாட்கள் அப்போது லாரியிலிருந்து தகரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான்தான் என்ற சொல் சந்திரமதியின் தொண்டை வரை வந்தது. பின்னால் செல்வா நின்றான். எல்லாருடைய கண்ணும் மணியத்தின் மண்வெட்டியில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணில் இருந்தது. மணியம் அவளைப் பார்த்தார். அவள் சொல்வாள் என்று கொஞ்சநேரம் காத்திருந்தார். அவள் குனிந்து, ஏற்கெனவே மடித்திருந்த சாக்கை மறுபடியும் மடித்தாள்.

“தெரியாம நடந்துபோச்சு டாக்டர்,” என்றார் மணியம்.

“அங்கிள், நாளைலேர்ந்து வராதீங்கலா,” என்றான் செல்வா.

மாசாய் போகும் வேனில் மணியம் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பாசிர் கூடாங் புகைபோக்கிகள் தெரிந்தபோது அவள் பக்கம் திரும்பினார்.

“வண்டு வந்துரும்னு தோண்டினியா?”

“ஆமாண்ணே.”

“நானா இருந்தாலும் தோண்டியிருப்பேன்.”

திட்டியிருந்தால் தேவலாம். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வீடு போய்ச் சேரும்வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் டாக்டரே அவளைத் தேடி வந்தார். முழங்காலுக்குப் போட ஒரு ரப்பர் மெத்தை கொடுத்தார்.

“உங்களுக்குப் பொறுமையான கை, அம்மா. நேற்று அந்த ஆளை விட்டுட்டு நீங்க சாப்பிடப் போயிருக்கக் கூடாது.”

சந்திரமதி மெத்தையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “சரிங்க டாக்டர்,” என்றாள்.

ஐந்து குழிக்கும் மாணவர்கள் எண் எழுதிய அட்டை வைத்தார்கள். அளந்தார்கள். படம் எடுக்கக் கேமராவை முக்காலியில் நிறுத்தினார்கள். குழியோரத்தில் மணியத்தின் ரப்பர் பூட்ஸ் ஜோடியாக நின்றது. தினமும் அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்.

“ஆன்டி, அந்த பூட்ஸ் படத்துல விழுது. எடுத்துருங்க,” என்றான் கேமராவுக்குப் பின்னால் நின்ற மாணவன்.

எடுத்தாள்.

“நீங்களும் கொஞ்சம் தள்ளிக்குங்க. நெழல் விழுது.”

பூட்ஸை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கயிற்றுக்கு வெளியே போகும்வரை அவள் பின்னால் நகர்ந்தாள்.