ராஜ்கட் மலையில் ஒரு ட்ரங்க் கால்

மில்ட்ரெட்டைக் கூடாரத்தில் விட்டுவிட்டுப் போவது என்று ராத்திரியே முடிவாகியிருந்தது. மில்ட்ரெட்டுக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

பூனா கன்டோன்மென்ட் தமிழ்ச் சபையிலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள். 1979, கணபதி கரைத்து முடிந்து வந்த இரண்டாம் சனிக்கிழமை. ஸ்வார்கேட்டில் எஸ்.டி. பஸ் பிடித்து, கடைசி நாலு மைல் சேற்றில் நடந்து, ராஜ்கட் மலையடிவாரத்தில் மாருதி கோயிலுக்குப் பக்கத்தில் இரண்டு கித்தான் கூடாரம் அடித்திருந்தார்கள். காலையில் காடு வழியாகக் கோட்டைக்கு ஏற வேண்டும். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும்.

"அக்கா, நீங்க இங்கனயே இருங்க. நாங்க வாரதுக்குள்ள சோறு மட்டும் பொங்கி வச்சிருங்க, போதும்" என்றான் ஐசக், ஷூ கயிற்றைக் கட்டியபடியே. சிஞ்ச்வட் தொழிற்சாலையில் ஃபோர்மேன். அங்கே நாற்பது பேரை மேய்க்கிறவனுக்கு மலையிலும் அதே நினைப்பு.

மில்ட்ரெட்டுக்கு முகம் சுண்டிப்போயிற்று. காரணம் இருந்தது. போன வருஷம் சிம்ஹகட் மலையில் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்காகக் கூட்டமே திரும்பியது. யாரும் உச்சியைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சபையில் எங்கே திரும்பினாலும் அந்தக் கதைதான். நாற்பத்தெட்டு வயது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தே ட்ரங்க் கால் வழியாக மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் போய் வந்தவள். உடம்பு அதற்குத் தகுந்தபடி வளர்ந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும். இந்த ஒரு வருஷமாகத் தினமும் விடியலில் எம்ப்ரஸ் கார்டனைச் சுற்றி நடந்ததை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"சோறு பொங்குறதுக்கு நான் பூனாவுலயே இருந்திருப்பேனே" என்றாள். "நானும் வாரேன். முடியலன்னா தனியா இறங்கிக்கிடுவேன். ஒருத்தரும் எனக்காகத் திரும்ப வேண்டாம்."

"வரட்டும் அண்ணே" என்றான் வால்டர். பேங்கில் வேலை, வாய்தான் பெரிசு. "லைட்னிங் கால், அர்ஜென்ட் கால்லாம் முன்னால போகட்டும். அக்கா ஆர்டினரி கால். சாயங்காலத்துக்குள்ள லைன் கிடைச்சாச் சரி!"

எல்லாரும் சிரித்தார்கள். மில்ட்ரெட்டும் சிரித்து வைத்தாள். நெஞ்சுக்குள் எரிந்தது. இன்றைக்கு உச்சிக்குப் போகாமல் இறங்கினால் இனி எந்த வருஷமும் கூப்பிட மாட்டார்கள். சேலையை வரிந்து செருகிக்கொண்டு, மருமகனின் கேன்வாஸ் ஷூவோடு கிளம்பினாள்.

ஒரு மணி நேரத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஐசக்கும் நாலு பேரும் முன்னால் பாய்ந்து காட்டுக்குள் மறைந்தார்கள். பின்னால் மில்ட்ரெட், ஐசக்கின் மனைவி பாக்கியவதி, காவலுக்கு விடப்பட்ட வால்டர், இன்னும் மூன்று பேர். அவர்களோடு ஹௌசாபாயும் சேர்ந்துகொண்டாள். கோட்டைக்கு வருகிறவர்களுக்கு மோர் விற்கிற கிராமத்துக்காரி. தலையில் மோர்ப்பானை, காலில் செருப்புக்கூட இல்லை. டெலிபோனில் பழகிய மராத்தியில் மில்ட்ரெட் பேச்சுக் கொடுத்தாள். பேசிக்கொண்டே ஏறினால் மூச்சு வாங்குவது தெரியவில்லை.

காடு முடிந்து கரும்பாறை வந்தபோது மேகம் இறங்கியது. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை. பாறையருகே பாதை இரண்டாகப் பிரிந்தது. "ஐசக்!" என்று வால்டர் கத்தினான். "ஓய்..." என்று பதில் வந்தது. வலத்திலிருந்து, இடத்திலிருந்து, தலைக்கு மேலிருந்து, எல்லாப் பக்கத்திலிருந்தும்.

ஹௌசாபாய் குனிந்து இடது பாதையைப் பார்த்தாள். ஈர மண்ணில் ஐசக் கூட்டத்தின் ஷூ தடம். தலையில் அடித்துக்கொண்டாள். "திகடே தரி ஆஹே, பாய்!" என்றாள். அந்தப் பக்கம் பள்ளமாம். அது விறகு வெட்டுகிறவர்கள் போகிற பாதையாம். கொஞ்ச தூரத்தில் அறுந்து, அதல பாதாளமாம்.

பாக்கியவதி, "ஐயோ, அவுகள நிக்கச் சொல்லுங்களேன்!" என்று அழ ஆரம்பித்தாள். ஆளாளுக்குக் கத்தினார்கள். கத்தல் பாறையில் மோதிக் கந்தலாகத் திரும்பி வந்தது.

"வாயை மூடுங்க எல்லாரும்!" என்றாள் மில்ட்ரெட்.

அந்தக் குரலைச் சபையில் யாரும் கேட்டதில்லை. எக்ஸ்சேஞ்சில் கேட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் மெட்ராஸ் லைன் இரைந்தால் பூனாவில் பேசுவது அங்கே கேட்காது. அப்போது நடுவில் ஷோலாப்பூரிலும் குண்டக்கலிலும் இருக்கிற ஆபரேட்டர்கள் கேட்டுக் கேட்டு அடுத்தவருக்குச் சொல்வார்கள். அப்படி எத்தனை பிறப்பையும் இறப்பையும் ஊர் சேர்த்திருக்கிறாள்! அதற்கு ஒரே சட்டம்தான். ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக்கூடாது. வாங்கியவர் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும்.

"வால்டர், நீ முன்னால போ. சுவத்துப் பாறையில இருந்து கையை எடுக்காத. என் குரல் தெளிவா கேக்குற கடைசி இடத்துல ஒருத்தர் நிக்கணும். அவர் குரல் கேக்குற கடைசியில அடுத்தவர். நான் சொன்னதை அப்படியே சொல்லணும். பதிலை அப்படியே திருப்பணும்."

இடது பாதையில் நாலு பேரைக் கொண்டு லைன் போட்டாயிற்று. பக்கத்தில் பாக்கியவதி, கடைசியில் வால்டர். கிளைபிரியும் பாறையில் மில்ட்ரெட்டும் ஹௌசாபாயும். மீதி ஒருவர் வலது பாதையை மறித்து உட்கார்ந்தார்.

"நில்லு. உக்காரு. முன்னால பள்ளம்" என்றாள் மில்ட்ரெட்.

"நில்லுங்க, உக்காருங்க, ஏசுவே, முன்னால பள்ளமாம், பாத்துங்க..." என்று பாக்கியவதி தொடங்கினாள்.

"பாக்கியம்! ஏசுவை நான் சொல்லல. மறுபடி சொல்லு."

இந்தத் தடவை பாக்கியவதி சரியாகச் சொன்னாள். வார்த்தை மேகத்துக்குள் ஒவ்வொரு குரலாக ஏறிப் போயிற்று. பிறகு சத்தமே இல்லை. மில்ட்ரெட் கண்ணை மூடிக்கொண்டு, காதில் ஹெட்போன் இருப்பதுபோலக் காத்திருந்தாள்.

கடைசியில் பாக்கியவதியின் குரல் உடைந்து வந்தது. "நின்னாச்சு. உக்காந்தாச்சு. முன்னால பள்ளம்."

"அஞ்சு பேரும் இருக்காங்களா, கேளு."

"அஞ்சு பேரும் இருக்கோம்."

"கையைக் கோத்துக்கிட்டு, குரலைப் பிடிச்சு வாங்க."

கால் மணி நேரத்தில் மேகத்துக்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைத்தார்கள். ஐசக் கடைசி. முகத்தில் ரத்தமே இல்லை. "இன்னும் நாலு எட்டு வச்சிருந்தா..." என்றவன் பாக்கியவதியைப் பார்த்ததும் அதை முடிக்கவில்லை. "போதும். சாமான எடுங்க, எறங்குவோம்" என்றான்.

இத்தனை தூரம் வந்தும் இறக்கமா? மில்ட்ரெட் ஹௌசாபாய் பக்கம் திரும்பி மராத்தியில் வழி கேட்டாள். இந்த வலது பாதை நேரே சோர் தர்வாஜாவுக்குப் போகிறதாம். அது கோட்டைச் சுவரில் ஒரு சின்னத் திருட்டு வாசலாம். "நான் தினமும் பானையோடு போகிறேன், மேலே போனால் வெயில்" என்றாள் ஹௌசாபாய்.

மில்ட்ரெட் எல்லாருக்கும் அதைத் தமிழில் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

ஐசக் பாறையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "உங்களால ஏற முடியுமாக்கா?"

"நான் முன்னால போறேன். உன்னால என் பின்னால வர முடியுமா, அதைச் சொல்லு."

வால்டர்தான் முதலில் சிரித்தான். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு அவளைச் சுடவில்லை.

ஹௌசாபாய் முதலில், அடுத்து மில்ட்ரெட், கடைசியில் ஐசக். ஒருவர் குரல் அடுத்தவருக்குக் கேட்கும் தூரம். பாறையில் வெட்டியிருந்த குழிகளில் கை வைத்து, கால் வைத்து, முட்டி சிராய்த்து ஏறினாள். இரண்டு இடத்தில் நெற்றியைப் பாறையில் சாய்த்து நின்றாள். 'இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய், மில்ட்ரெட்' என்று தன்னையே அதட்டினாள். மேலே ஹௌசாபாயின் வெறுங்கால் தெரிந்தது. அது போன இடத்தில் எல்லாம் அவள் ஷூவும் போயிற்று.

சோர் தர்வாஜாவில் குனிந்து நுழைய வேண்டும். வாசலுக்கும் மில்ட்ரெட்டின் உடம்புக்கும் சின்னப் பேச்சுவார்த்தை நடந்தது. சேலை கிழிந்தது. ஹௌசாபாய் கையைப் பிடித்து இழுத்தாள். படிகளில் ஏறித் தலையை நிமிர்த்தினாள். முகத்தில் வெயில் அடித்தது. எதிரே ஒரு குளம், அதில் நீல ஆகாயம். மேகமெல்லாம் காலுக்குக் கீழே கிடந்தது.

மில்ட்ரெட் வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாசலுக்குக் குனிந்து, இருபத்திரண்டு வருஷக் குரலில் லைனைக் கூப்பிட்டாள்.

"மில்ட்ரெட் அக்கா கோட்டைக்குள்ள வந்தாச்சு. சபையில முதல் ஆள்."

பாக்கியவதி வாங்கினாள், ஒரு எழுத்துப் பிசகாமல் கொடுத்தாள். அடுத்த குரல், அதற்கடுத்த குரல். வால்டர், "லைட்னிங் கால்!" என்று நடுவில் கத்தினான், அவனை எப்போதுமே திருத்த முடியாது. வார்த்தை மேகத்துக்குள் இறங்கிக் கடைசி ஆளுக்குப் போயிற்று. சட்டப்படி அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் காத்திருந்தாள்.

கீழேயிருந்து, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி, ஐசக்கின் குரல் நேராகவே வந்தது.

"நம்ம மில்ட்ரெட் அக்கா கோட்டைக்குள்ள வந்தாச்சு! சபையில முதல் ஆள்!"

ஒரு வார்த்தை கூடிப் போயிருந்தது. மில்ட்ரெட் அதைத் திருத்தவில்லை. ஹௌசாபாய் ஊற்றிக் கொடுத்த மோரை வாங்கி, வெயிலில் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள்.