வளர்ந்துவிட்ட நகம்

மாஸ்டரின் வலது கால் கட்டைவிரலை உள்ளங்கையில் ஏந்தி, நகம் திருத்தும் பெண் மெதுவாக ஊதினாள். நகத்தை ராவிய தூள் பறந்தது. "கூசுதாண்ணே?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றார். கூசத்தான் செய்தது. ஆனால் கூசுகிறது என்று சொன்னால் சீக்கிரம் முடித்துவிடுவாளே.

ஒரு தொழிற்சாலை கேண்டீனில் அவர் தலைமைச் சமையல்காரர். முதலாளி முதல் பாத்திரம் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் மாஸ்டர்தான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய பாத்திரத்தின் மூடி நழுவி, நேராகக் கட்டைவிரலில் இறங்கியது. நகம் கறுத்து, ஒருநாள் காலுறையோடு கழன்று வந்துவிட்டது. புதிதாக முளைத்த நகத்துக்கோ போக வழியில்லை. விரல் நுனியில் சதை மேடு தட்டியிருந்ததால் அதில் முட்டிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே திரும்பியது. டாக்டர் பார்த்துவிட்டு, செயற்கை நகம் ஒன்றைப் போட்டுச் சதையை அமுக்கி வைத்தால் சொந்த நகம் தன் வழியில் வளர்ந்துவிடும் என்றார். பல் டாக்டருக்கும் தையற்கடைக்கும் நடுவில், கண்ணாடிக் கதவு போட்ட இந்த நக அழகு நிலையத்துக்கு அனுப்பியதும் அவர்தான். முதல் தடவை வந்தபோது மாஸ்டர் வராந்தாவில் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கதவைத் தள்ளினார். தெரிந்தவன் எவனாவது பார்த்துத் தொலைத்தால் கேண்டீன் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

அந்தப் பெண்ணின் வேலை அவருக்குப் பிடித்துப்போனது. சமையல் மாதிரியே பக்குவம் பார்க்கிற வேலை. மீதமிருக்கும் நகத்தைச் சின்ன மெஷினால் ராவுவாள், ஸ்பிரிட்டால் துடைப்பாள், தேன் பதத்தில் இருக்கும் பிசினை எடுத்து விரலின் நிறத்துக்குத் தோதாகக் கலப்பாள். அதை மெல்லிய கரண்டியால் நகம் போலவே வளைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் அடிக்கும் ஒரு பெட்டிக்குள் காலை வைக்கச் சொல்வாள். பிசின் இறுகும்போது லேசாகச் சுடும். மாதம் ஒருமுறை போனால், அடியிலிருந்து சொந்த நகம் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவுக்குச் செயற்கை நகத்தை முன்னால் தள்ளிப் போடுவாள். இத்தனையும் செய்யும்போது கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருப்பாள், நிமிரவே மாட்டாள். வாய் மட்டும் ஓயாது. தன் கணவரின் குறட்டை, மாமியாரின் போன் பைத்தியம் எல்லாவற்றையும் அந்தக் கட்டைவிரலிடம்தான் சொல்வாள். முகத்தைப் பார்க்காத ஆளிடம் பேசுவது மாஸ்டருக்கும் சுலபமாக இருந்தது.

முதல் நாளே கேட்டாள். "ஏண்ணே, இப்படி வச்சிருக்கீங்களே காலை, வீட்ல அக்கா ஒண்ணும் சொல்லலையா?"

"அவ பிச்சு எடுத்ததாலதாம்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டார்.

மனைவி போய்ச் சேர்ந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. உயிரோடு இருந்திருந்தால் பிச்சுத்தான் எடுத்திருப்பாள் என்பது உண்மைதானே. ஏதோ பேச்சுக்குச் சொன்னது. ஆனால் அடுத்த மாதம் போனபோது, "அக்கா எப்படி இருக்காங்க?" என்று அவள் வாஞ்சையாகக் கேட்டுவிட்டாள். என்னம்மா பண்றது, முட்டிவலிதான் பாடாய்ப் படுத்துது என்றார். அதற்கு ஒரு தைலம் பெயர் சொன்னாள். திரும்பும் வழியில் அதை வாங்கிப் போய்த் தன் முட்டியிலேயே தேய்த்துக்கொண்டார். நன்றாகவே கேட்டது.

அதன் பிறகு மாதம் முழுவதும் அவருக்கு, அடுத்த தடவை மனைவியைப் பற்றி என்ன சொல்லலாம் என்றே யோசனை. அவர் சொன்ன கதைகளில், ஜன்னல் திரைக்கு நிறம் சரியில்லை என்று மனைவி கடைக்காரனோடு மல்லுக்கு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சை நிறுத்தினாள், பிறகு ஒரு தும்மலுக்கு நலம் விசாரித்து ராசியானாள். நகப் பெண் விழுந்து விழுந்து சிரிப்பாள். "அக்காகிட்ட நீங்க வாயைத் தொறக்க முடியாது போல" என்பாள். வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கூப்பிடுவாள். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன்மா." அம்மா என்ற சொல் வந்துவிடக்கூடாது என்று இரண்டு பேரும் பள்ளத்தைச் சுற்றிப் போவதுபோலப் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். ஆக, அவருடைய மனைவி உலகத்தில் நடமாடியது இந்த ஒரு அறையில்தான்.

போன மாதமே நகப் பெண் சொல்லிவிட்டாள், அடுத்த தடவையோடு முடிந்துவிடும் என்று. அன்றிலிருந்து மாஸ்டருக்கு எதுவுமே சரியில்லை. கேண்டீனில் அதே மூடியைத் தூக்கும்போது இடது காலைப் பார்த்தார். அந்தக் கட்டைவிரல் ஒரு குறையும் இல்லாமல், ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது. சீ, இதென்ன புத்தி என்று மூடியை வைத்துவிட்டார். பஸ்ஸில் வரும்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தார். மனைவியை மகள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நல்லபடியாகப் போய் இருக்கட்டும். இரண்டாம் தடவையும் அவளைச் சாகடிக்க அவரால் ஆகாது.

"பாருங்கண்ணே" என்று விளக்கை விரலுக்கு நேராகத் திருப்பினாள். செயற்கை நகத்தின் கடைசிக் கீற்றும் போய்விட்டது. "இதுல நான் செஞ்சது எதுவும் இல்ல. மொத்தமும் உங்களோடது."

"வரி வரியா இருக்கே."

"அது அப்படித்தான் இருக்கும். அடிபட்ட எடம்ல. இனிமே வரவே வேணாம்ணே நீங்க." பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல்முறையாக அவரை நன்றாகப் பார்த்தாள். "என்னண்ணே, மூஞ்சி இப்படிப் போவுது? சந்தோஷப்படணும்ல?"

"சந்தோஷம்தாம்மா." காலைக் கீழே இறக்கினார். "அவளும் ஊர்ல இல்ல. பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா. கொஞ்ச நாள் அங்கதான் இருப்பா."

"ஐயய்யோ, அவங்களுக்கு ஒண்ணு குடுத்தனுப்பலாம்னு இருந்தேனே." சுவரில் ஆணியடித்த பலகைகளில் நகப்பூச்சுக் குப்பிகள் வரிசையாக இருந்தன. அவள் அவற்றின் முன்னால் போய் நின்றாள். "அவங்க திட்டாம இருந்திருந்தா நீங்க வந்திருக்கவே மாட்டீங்க. எவ்வளவு கதை கேட்டிருக்கேன் அவங்களப் பத்தி! சொல்லுங்க, அக்காவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் இதுவரை நாக்கு நுனியில் பதில் இருந்திருக்கிறது. திரைச்சீலைக்குச் சண்டை போட்டவளுக்குப் பிடித்ததாக ஏதாவது ஒரு நிறத்தை இதற்கும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் தன் கைக்காசில் கொடுக்கிறாள், அதில் பொய் கலக்க மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால் அது அவரிடம் இல்லை. மனைவி நகத்துக்கு எப்போதாவது பூச்சுப் போட்டிருந்தாளா? கால் எப்படி இருந்தது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்கள் மட்டும் ஞாபகம் வந்தன. குளிருமே என்று இழுத்து மூடிவிட்டார். பார்க்கவில்லை. ஒன்றாக வாழ்ந்த அத்தனை வருடத்திலும் பார்த்ததில்லை. அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"தெரியலம்மா" என்றார்.

"நல்லா இருக்கே! எல்லா ஆம்பளையும் ஒரே ரகம்." அவள் சிரித்தாள். "போன் போட்டுக் கேளுங்க. உள்ள சிக்னல் கிடைக்காது, வெளிய போயிப் பேசுங்க. நான் எடுத்துக் காட்டுறேன், அக்கா எதைச் சொல்றாங்கன்னு தலையாட்டுங்க, போதும்."

செருப்பை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். போனை எடுத்தார். காதில் வைத்துக்கொண்டார். தையற்கடை மெஷின் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு சிவப்புக் குப்பியைத் தூக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். மாஸ்டர் போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் அதை வைத்துவிட்டு, வெளிறிய ரோஜா நிறத்தில் ஒன்றை எடுத்தாள். பிறகு கருநீலம். இது இல்லையா, இதுவும் இல்லையா என்று உதடசைத்தபடி, சலிக்காமல், அடுத்த பலகைக்கு எட்டி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.